மேகன்ப்ரக்கின் கிளாரினெட்

1948 அக்டோபரில் வெளிவந்த ‘எ சாங் இஸ் பார்ன்’ படத்தை இரண்டு தரப்பினர் இரண்டு வகையாகத் தள்ளிவிடுகிறார்கள். ஹோவர்ட் ஹாக்ஸின் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்கள், அவர் மனமின்றிச் செய்த வேலை இது என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். ஜாஸ் கேட்பவர்கள் கதைப்பகுதிகளை ஓட்டிவிட்டு, பென்னி குட்மனும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் லயனல் ஹாம்ப்டனும் வாசிக்கும் இடங்களை மட்டும் பார்க்கிறார்கள். முதல் தரப்பு இசையைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாம் தரப்பு படத்தையே கணக்கில் எடுக்கவில்லை. இசை நகைச்சுவைப் படம் என்ற வகையை மதிப்பவர் கேட்க வேண்டியது வேறு: பாட்டும் கதையும் இங்கே ஒன்றையொன்று எங்கே தாங்குகின்றன, எங்கே கைவிடுகின்றன? அந்தக் கேள்வியை முன்வைத்தால் படம் பெரும்பாலும் தோற்கிறது. ஆனால் ஒரு காட்சியில், அந்த வகையின் உச்சிக்கே ஏறிவிடுகிறது.

மூலப்படத்தை ஒதுக்கிவிட்டு இதை எடைபோட முடியாது. ஏழு ஆண்டுகளுக்கு முன், 1941இல், இதே ஹாக்ஸ், இதே தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின், இதே ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் சேர்ந்து எடுத்த படம் ‘பால் ஆஃப் ஃபயர்’. பில்லி வைல்டரும் சார்ல்ஸ் பிராக்கெட்டும் எழுதியது. உலகத்தோடு தொடர்பற்ற பேராசிரியர்கள் ஒரு பழைய மாளிகையில் அடைந்து கலைக்களஞ்சியம் தொகுக்கிறார்கள். அவர்களில் இளையவர் மொழியறிஞர். தெருவில் புழங்கும் கொச்சைமொழி பற்றித் தான் எழுதிவைத்தது காலாவதியாகிவிட்டதை ஒரு குப்பை வண்டிக்காரர் பேச்சில் உணர்ந்து, வெளியே இறங்கி, இரவு விடுதிப் பாடகி ஒருத்தியைத் தகவலாளியாக வரும்படி அழைக்கிறார். காவல்துறைக்குப் பயந்து ஒளிய இடம் தேடும் அவள், அந்த மாளிகையையே மறைவிடமாக்கிக்கொள்கிறாள். கேரி கூப்பரும் பார்பரா ஸ்டான்விக்கும் நடித்தார்கள். ஸ்டான்விக்குக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

மறுஆக்கத்தில் மொழியறிஞர் இசையறிஞராகிறார். தொகுப்பது இசைக் கலைக்களஞ்சியம். குப்பை வண்டிக்காரருக்குப் பதில் ஜன்னல் துடைக்க வரும் இருவர். கொச்சைமொழிக்குப் பதில் ஜாஸ். டேனி கேயும் வர்ஜீனியா மேயோவும் நாயகன் நாயகி. மற்றபடி காட்சி வரிசையும் வசனமும் பல இடங்களில் அப்படியே. திரைக்கதை ஆசிரியர் என்று யார் பெயரும் படத்தில் இல்லை. வைல்டரும் தாமஸ் மன்ரோவும் எழுதிய மூலக்கதைக்கு மட்டுமே அங்கீகாரம் தரப்பட்டிருக்கிறது. பெயர் போட்டுக்கொள்ள யாரும் முன்வராத எழுத்து என்பதைப் பார்வையாளர் தலைப்பட்டியலைப் பார்க்காமலே உணர்ந்துவிடலாம்.

இந்த மாற்றத்தையே குறையாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. சொல்லிலிருந்து இசைக்கு நகர்ந்தது நல்ல எண்ணம். மூலத்தைவிடச் செழிப்பான எண்ணம் என்றுகூடச் சொல்வேன். ஏட்டில் எழுதி முடித்த இசை, வாசிக்கும் கணத்தில் பிறக்கும் இசை என்ற இரண்டின் மோதல், அகராதிக்கும் தெருப்பேச்சுக்கும் இடையிலான மோதலைவிட ஆழமானது. கண்ணாலும் காதாலும் ஒருசேரக் காட்டக்கூடியது. ஆனால் எண்ணத்தை மாற்றியவர்கள் அந்த மாற்றம் கேட்கும் விலையைக் கொடுக்கவில்லை. மூலத்தில் நாயகியே அறிவின் ஊற்று. பேராசிரியர் தேடும் மொழி அவள் நாவில் இருக்கிறது. அவள் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆய்வும் நகர்கிறது, காதலும் நகர்கிறது, சிரிப்பும் வருகிறது. ஒரே வசனம் மூன்று வேலை செய்கிறது. மறுஆக்கத்தில் அந்த அறிவு நாயகியிடமிருந்து பறிபோய், ஹாம்ப்டனிடமும் ஆம்ஸ்ட்ராங்கிடமும் டாமி டார்சியிடமும் சென்றுவிட்டது. ஹனி ஸ்வான்சன் என்ற இந்தப் பாடகிக்கு ஜாஸ் பற்றிச் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. அவள் அந்த மாளிகையில் இருப்பதற்குக் காரணம் கதைக்குத் தேவை என்பது மட்டுமே. ஆய்வு ஓர் அறையில் நடக்கிறது, காதல் மற்றோர் அறையில். படத்தின் எல்லாக் குறைகளுக்கும் வேர் இந்தப் பிளவுதான்.

வர்ஜீனியா மேயோவைக் குற்றம் சொல்லும் வழக்கத்தை இந்த வெளிச்சத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். அவருக்குப் பாடியது ஜெரி சல்லிவன் என்ற குரல். அதை ஒரு குறையாகச் சுட்டுவது நியாயமன்று. மூலப்படத்தில் ஸ்டான்விக்குக்கும் பின்னணிக் குரல்தான், பாடியவர் குட்மன் குழுவில் முன்பு பாடிய மார்த்தா டில்டன். வேறுபாடு குரலில் இல்லை. ஸ்டான்விக்குக்கு அவர் பேசுவதற்கென்றே வார்த்த வசனங்கள் கிடைத்தன. மேயோவுக்கு இன்னொருவர் உடலுக்கு வெட்டிய சட்டை கிடைத்தது. அடுத்த ஆண்டே ‘ஒயிட் ஹீட்’ படத்தில் அவர் காட்டிய கூர்மையைப் பார்த்தவர்கள் நடிகை மீது பழி போட மாட்டார்கள். அந்தப் படத்தில் அவரோடு மீண்டும் நடித்த ஸ்டீவ் காக்ரன்தான் இங்கே வில்லன். அவரும் இங்கே ஓர் அச்சுதான், ஆள் அல்ல.

டேனி கேயின் நிலை இன்னும் சிக்கலானது. கோல்ட்வினுக்காக அவர் அதுவரை நடித்த நான்கு படங்களிலும் அவருடைய வலிமை, வேகமான சொற்கட்டுப் பாடல்கள். அவற்றை எழுதியவர் மனைவி சில்வியா ஃபைன். படப்பிடிப்புக் காலத்தில் இருவரும் பிரிந்திருந்தார்கள். அதனால் இந்தப் படத்தில் கேய்க்கு அப்படியொரு தனிப் பாடல்கூட இல்லை. இசையைப் பற்றிய படத்தில், இசையால் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகர் வாயடைத்து நிற்கிறார். ஹாக்ஸ் பிற்காலத்தில் இந்தப் படத்தைப் பற்றிக் கசப்பாகவே பேசினார். பணத்துக்காக ஒத்துக்கொண்டதை மறைக்கவும் இல்லை. ஆனால் நடிப்பைத் தனியே எடுத்துப் பார்த்தால் கேயிடம் ஒரு நிறையும் உண்டு. இசை கேட்கும் காட்சிகளில் அவர் முகம் உண்மையாகவே கேட்கிறது. தாளம் புரியாத ஆளாக நடிக்க வேண்டிய இடங்களில், அவருடைய விரல்களும் தோள்களும் அதைப் புரிந்துகொண்டுவிடுகின்றன. பாத்திரத்துக்கு அது பிழை. பார்க்கும் நமக்கு இன்பம். கூப்பரிடம் அந்த முரண்பாடு இல்லை. கொச்சைமொழிக்கு முன்னால் அவர் திகைப்பு கடைசிவரை நம்பும்படி இருந்தது.

டோலண்டின் பங்கையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ‘சிட்டிசன் கேன்’ வந்த அதே 1941இல் எடுத்த ‘பால் ஆஃப் ஃபயர்’ படத்தில், எட்டுப் பேரை ஒரே சட்டகத்துக்குள் முன்னும் பின்னுமாக நிறுத்தி, எல்லா முகங்களையும் கூர்மையாக வைத்தார். பேராசிரியர்கள் ஒரு கூட்டமாகவும் தனித்தனி ஆட்களாகவும் ஒரே நேரத்தில் தெரிந்தார்கள். மறுஆக்கத்தில் டெக்னிகலர் வந்ததும் அந்த ஆழம் போனது. அந்தக் கேமராவுக்கு வேண்டிய வெளிச்சம் அறையின் மூலைமுடுக்கையெல்லாம் சமமாக நிரப்பிவிடுகிறது. நூல்நிலையத்தின் நிழல் போய்விட்டது, அதோடு பேராசிரியர்களின் தனித்தன்மையும் போய்விட்டது. ஃபெலிக்ஸ் பிரெஸ்ஸார்ட் போன்ற தேர்ந்த நடிகரே கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துபோகிறார். படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன் டோலண்ட் இறந்துவிட்டார். ஒரு மேதையின் கடைசி வேலைகளில் ஒன்று என்ற அனுதாபம் இதன் ஒளியமைப்பைப் பாராட்ட வைக்கக் கூடாது. ஆனால் ஒன்று உண்டு: வாத்தியக்காரர்கள் வாசிக்கும்போது கேமரா அடங்கியிருக்கிறது. கைகளை வெட்டாமல், வாசிப்பை முகத்தோடு சேர்த்துக் காட்டுகிறது. அக்காலப் பெரும்பாலான இசைப்படங்கள் இந்தக் கண்ணியத்தைக் கடைப்பிடிக்கவில்லை.

இனி இசைக்கு வருவோம். படத்தின் பெயர்பெற்ற பகுதி, டான் ரேயும் ஜீன் டி பாலும் எழுதிய ‘எ சாங் வாஸ் பார்ன்’. கே நடிக்கும் பேராசிரியர் ஃபிரிஸ்பீ ஜாஸின் வரலாற்றை ஆப்பிரிக்க முரசிலிருந்து தொடங்கி விளக்குகிறார். கூடியிருக்கும் கலைஞர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் வாசித்தும் பாடியும் காட்டுகிறார்கள். ஆம்ஸ்ட்ராங், ஹாம்ப்டன், டார்சி, சார்லி பார்னெட், மெல் பவல், கோல்டன் கேட் குவார்டெட் என்று ஒரே அறையில் இத்தனை பேர் கூடியது வேறெங்கும் கிடைக்காத காட்சி. ஆவணமாக இதன் மதிப்பைக் குறைக்க முடியாது. ஆனால் கலையாக இது பள்ளிக்கூடப் பாடம். வரலாற்றைச் சொல்பவர் வெள்ளைப் பேராசிரியர். அந்த வரலாற்றைப் படைத்தவர்கள் அவர் சொல்லுக்கு எடுத்துக்காட்டுகளாக நிற்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ஆம்ஸ்ட்ராங் அதே அறையில் இருக்கும்போது, நியூ ஆர்லியன்ஸ் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஆய்வாளர் தகவலாளியைத் தேடிப் போவதுதான் இந்தக் கதையின் உயிர். அந்த உயிரையே பாடல் தலைகீழாக்குகிறது.

பாடம் எங்கே நிற்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. படம் எடுத்தது 1947இல். அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் குட்மன், டார்சி உட்படப் பல பெருங்குழுக்கள் கலைந்துவிட்டிருந்தன. நியூயார்க்கில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணியை நிறுவிவிட்டார்கள். காலாவதியான அறிவைப் புதுப்பிக்கப் புறப்பட்ட பேராசிரியர், ஏற்கெனவே காலாவதியாகத் தொடங்கிய இசையைப் புதியது என்று எழுதிக்கொள்கிறார். ‘பால் ஆஃப் ஃபயர்’ தன் காலத்தின் தெருவோடு சம வேகத்தில் நடந்தது. இந்தப் படம் ஐந்தாறு ஆண்டு பின்தங்கி நடக்கிறது. ஹாலிவுட்டிடம் பீபாப்பை எதிர்பார்ப்பது அதிகம் என்று சொல்லலாம். ஆனால் புதுமையைத் தேடுவதே கதையாக இருக்கும்போது அந்த அளவுகோலைப் படமே நம் கையில் கொடுத்துவிடுகிறது. டியூக் எல்லிங்டனும் கவுண்ட் பேசியும் இல்லாத வரலாறு என்பது இதைவிடப் பெரிய ஓட்டை.

இனப் பாகுபாடு பற்றிய தீர்ப்பில் நிதானம் வேண்டும். பக் அண்ட் பபிள்ஸ் இணையருக்கு ஜன்னல் துடைப்பவர் வேடம் தந்திருக்கிறார்கள். ‘போர்கி அண்ட் பெஸ்’ அரங்கேற்றத்தில் ஸ்போர்ட்டிங் லைஃபாக நடித்தவர் ஜான் பபிள்ஸ். அவருக்கு இந்தத் துடைப்பமும் வாளியும் சிறியவை. அதே நேரம், அவர்கள்தான் பேராசிரியர்களின் கண்ணைத் திறக்கிறார்கள். பாக்கின் இசையை அவர்கள் தங்கள் வழியில் வாசித்துக் காட்டும் இடம் படத்தின் துடிப்பான தொடக்கம். தெற்கு மாநிலத் தணிக்கையாளர்கள் வெட்டியெறிய வசதியாக, கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களைக் கதையோடு ஒட்டாமல் வைப்பது அன்றைய ஸ்டூடியோ வழக்கம். லீனா ஹார்னின் எம்.ஜி.எம். படங்கள் இதற்குச் சான்று. இங்கே அப்படி வெட்ட முடியாது. ஹாம்ப்டனை நீக்கினால் கதையின் முடிச்சே அவிழாது. 1947இல் வந்த ‘நியூ ஆர்லியன்ஸ்’ படத்தில் பில்லி ஹாலிடேக்கு வேலைக்காரி வேடம் கொடுத்தார்கள். இங்கே ஆம்ஸ்ட்ராங்கும் ஹாம்ப்டனும் தங்கள் சொந்தப் பெயரில், தங்கள் தொழிலுக்குரிய மரியாதையோடு வருகிறார்கள். அளவில் சிறிய முன்னேற்றம்தான். இருந்தும் அது கட்டமைப்பிலேயே இருக்கிறது, மேற்பூச்சில் இல்லை.

அந்த முடிச்சு அவிழும் இடம் இன்னொரு நல்ல எண்ணம். மூலத்தில் துப்பாக்கிக்காரர்களிடமிருந்து தப்பப் பேராசிரியர்கள் ஒளியியலைப் பயன்படுத்துவார்கள், இங்கே ஒலியியல். எரிகோவின் மதில் எக்காளத்தால் விழுந்த கதையை நினைவில் கொண்டு, ‘ஃப்ளையிங் ஹோம்’ வாசித்து, அதன் அதிர்வில் உயரத்தில் இருக்கும் கனத்த முரசை வில்லன் தலையில் விழவைக்கிறார்கள். இசை கதையின் வேலையைச் செய்யும் அரிய இடம். 1939இல் குட்மனின் சிறுகுழுவில் தொடங்கி ஹாம்ப்டனின் அடையாளமாகவே ஆகிவிட்ட உருப்படி அது. அதைத் தேர்ந்தது பொருத்தம். நிறைவேற்றத்தில்தான் குறை. அதிர்வு ஏறுவதற்கும் முரசு அசைவதற்கும் இடையில் ஒரு படிப்படியான இறுக்கம் வேண்டும். படத்தொகுப்பு அதைக் கட்டவில்லை. இசை தன் வேகத்தில் போகிறது, ஆபத்து தன் வேகத்தில் போகிறது.

முதலில் சொன்ன அந்த ஒரு காட்சிக்கு இப்போது வருகிறேன். பேராசிரியர்களில் ஒருவர் மேகன்ப்ரக். ஏட்டைப் பார்த்து வாசிக்கும் சாஸ்திரீய கிளாரினெட் அறிஞர். அந்த வேடத்தில் பென்னி குட்மன். ஹாம்ப்டனும் மெல் பவலும் டிரம்ஸில் லூயி பெல்சனும் வாசிக்கத் தயாராகிறார்கள். கிளாரினெட்டுக்கு ஆள் இல்லை. பென்னி குட்மன் என்ற பெயர் பேச்சில் வருகிறது. அப்படியொருவரைத் தெரியாது என்கிறார் மேகன்ப்ரக். பிறகு தயக்கத்தோடு கருவியை எடுக்கிறார். ‘ஸ்டீலின் ஆப்பிள்ஸ்’ தொடங்குகிறது.

அரங்கு முழுக்கச் சிரிக்கும் நகைச்சுவை இது. ஆனால் அதோடு நின்றுவிடுவதில்லை. குட்மன் 1938இல் புடாபெஸ்ட் குவார்டெட்டோடு மொஸார்ட்டைப் பதிவு செய்தவர். பார்டோக்கிடம் ‘கான்ட்ராஸ்ட்ஸ்’ எழுதி வாங்கியவர். படம் எடுத்த 1947இல்தான் கோப்லண்டிடம் கிளாரினெட் கன்செர்ட்டோ கேட்டார். மேகன்ப்ரக் ஒரு பொய் வேடம் அல்ல, குட்மனின் மறுபாதி. பியானோவில் இருக்கும் பவலும் அப்படித்தான். பின்னர் யேலில் ஹிண்டெமித்திடம் இசையமைப்புக் கற்று, 1990இல் புலிட்சர் பரிசு பெற்றவர். ஏட்டு இசைக்கும் மனோதர்மத்துக்கும் இடையில் படம் எழுப்பும் கேள்விக்கு, அந்த அறையில் இருப்பவர்களின் வாழ்க்கையே விடை. வசனம் தேவைப்படாத விடை. குட்மன் நடிகர் அல்லர். முதல் வரிகளை அவர் சொல்லும் விதத்தில் ஒரு விறைப்பு இருக்கிறது. ஆனால் அந்த விறைப்பே பேராசிரியருக்குப் பொருந்திவிடுகிறது. வாசிக்கத் தொடங்கியதும் அவர் உடலில் நிகழும் மாற்றத்தைத் தேர்ந்த நடிகர் ஒருவர் இப்படிச் செய்துகாட்ட முடியாது. 1936 முதல் மேடையில் ஹாம்ப்டனைத் தன் பக்கத்தில் நிறுத்தி வாசித்தவர் குட்மன், பல ஊர்களில் அப்படிக் கலந்து நிற்பதே குற்றமாகக் கருதப்பட்ட நாட்களில். இருவரும் ஒருவரையொருவர் முதன்முறையாகச் சந்திப்பதுபோல் நடித்து, இருபது விநாடிக்குள் பழைய நண்பர்களாகிவிடுகிறார்கள். அந்த விநாடிகளில் பாத்திரம் வேறு, ஆள் வேறு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஹாக்ஸின் இயல்பும் இந்த இடத்தில்தான் திரும்பிவருகிறது. ‘ஓன்லி ஏஞ்செல்ஸ் ஹேவ் விங்ஸ்’ படத்தின் பியானோ, ‘டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்’ படத்தில் ஹோகி கார்மைக்கேல், பின்னால் ‘ரியோ பிராவோ’வின் சிறையறைப் பாட்டு: ஹாக்ஸின் உலகில் இசை என்பது வேலை தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும் முறை. வெளியாள் ஒருவன் வாசித்துக்காட்டி உள்ளே வருகிறான். ‘பால் ஆஃப் ஃபயர்’ படத்தில் ஜீன் க்ரூப்பா தீக்குச்சிகளால் தீப்பெட்டிமீது தாளம் போட்டது அரிய வித்தை. ஆனால் அதே படத்தில் கிழப் பேராசிரியர்கள் சேர்ந்து பழைய காதல் பாட்டொன்றைப் பாடியது அதைவிட நெஞ்சைத் தொட்டது. காரணம் அங்கே பாட்டு ஒரு குழுவைக் கட்டியது. ‘எ சாங் இஸ் பார்ன்’ நட்சத்திரங்களைக் குவித்தபோதெல்லாம் இந்த முறைமையை மறந்தது. மேகன்ப்ரக் வாசித்தபோது மட்டும் நினைவுகூர்ந்தது. ஹாக்ஸ் படம் முழுவதையும் இந்தக் காட்சியைச் சுற்றிக் கட்டியிருக்க வேண்டும்: நாயகியைக் குரலாகவும் ஆசிரியையாகவும் வைத்து, ஒவ்வொரு பேராசிரியரும் தன் கருவியோடு ஏட்டிலிருந்து வெளியே வருவதாக. எண்ணம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், எழுத்து இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. நகைச்சுவைப் படமாக இது மூலத்தின் நிழல். அதே ஆண்டு வெளியான ஹாக்ஸின் ‘ரெட் ரிவர்’ பக்கத்தில் வைத்தால் அவர் கவனம் எங்கே இருந்தது என்பது தெளிவாகும். இசைப்படமாக, ‘நியூ ஆர்லியன்ஸ்’ படத்தைவிட நேர்மையானது, அதைவிடச் சிறப்பாக இசையைப் பதிவு செய்தது. அரிய கலைஞர்களைக் காட்டுகிறது என்பதற்காக மட்டும் ஒரு படத்துக்கு உயர்ந்த இடம் தருவதை நான் ஏற்கவில்லை. அப்படித் தந்தால் ஜாஸ் திரைப்படத்துக்கென்று தரமே இல்லாமல் போகும். தரம் ஏற்கெனவே இருக்கிறது. 1944இல் ஜியான் மிலி எடுத்த ‘ஜாமின் தி ப்ளூஸ்’ பத்தே நிமிடம் ஓடும். லெஸ்டர் யங் வாசிக்கிறார். கதை கிடையாது, சிரிப்பு கிடையாது, வாசிப்பவர்களின் ஒருமுகம் மட்டுமே. அந்தப் படத்தில்கூட வெள்ளையரான கிட்டார் கலைஞர் பார்னி கெஸ்ஸலை நிழலில் மறைக்க வேண்டியிருந்தது. குட்மனும் ஹாம்ப்டனும் ஒரே வெளிச்சத்தில், ஒரே சட்டகத்தில் வாசிக்கும் மேகன்ப்ரக் காட்சியை அதன் பக்கத்தில் தயக்கமின்றி வைக்கலாம். ‘எ சாங் இஸ் பார்ன்’ படத்தின் வேறெந்தக் காட்சிக்கும் அங்கே இடமில்லை.